காய்கறி விற்ற மலாக்கா இளைஞர் எழுப்பிய ஏழைகள் மருத்துவமனை

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் நம் மக்களில் டான் டோக் செங் மருத்துவமனையின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவர் மலாக்காவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மலாயாவில் ரப்பரை முதன்முதலாகத் தோட்டப் பயிராக நட்டவர் அவருடைய பேரன் என்பதும், அந்தத் தோட்டம் மலாக்காவில்தான் இருந்தது என்பதும் அதைவிடக் குறைவானவர்களுக்கே தெரியும்.

கிளேபாங், தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்கும், தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் இவருடைய வாழ்க்கையில் ஒரு கேள்வி இருக்கிறது. கையில் காசில்லாத ஒருவர் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனை வாசலுக்கு வந்தால், அந்தச் செலவை யார் ஏற்பது? ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி சிங்கப்பூரை உலுக்கியது. அதற்குத் தம் சொந்தப் பணத்தில் ஒரு பதில் சொல்ல முயன்றவர் டான் டோக் செங்.

மலாக்காவில் பிறப்பு

டான் டோக் செங் 1798-இல் மலாக்காவில் பிறந்தார். தந்தை சீனாவின் ஃபூச்சியன் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஹொக்கியன் இனத்தவர். தாயார் மலாக்காவிலேயே பல தலைமுறையாக வாழ்ந்த பெரானாக்கான் வழிவந்தவர். அப்போது மலாக்கா டச்சுக்காரர்களின் ஊர். ஆனால் ஐரோப்பாவில் நடந்த போரால் 1795 முதல் பிரிட்டிஷார் அதைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். 1818-இல் அதை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டு, 1819 ஜனவரியில், ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். அவருடன் இருந்த வில்லியம் ஃபர்குவார் அதற்கு முன் மலாக்காவை நிர்வகித்தவர். மலாக்கா மக்களுக்கு நன்கு தெரிந்தவர். புதிய துறைமுகத்தில் சுங்க வரி கிடையாது, வேலையும் வியாபாரமும் உண்டு என்ற செய்தி வந்ததும் மலாக்காவிலிருந்து பலர் படகேறினார்கள். அவர்களில் ஒருவர் 21 வயது டான் டோக் செங். அதே ஆண்டில் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தமிழர் நாராயண பிள்ளை. அவர்தான் பின்னர் சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைக் கட்ட முன்னின்றவர்.

சந்தையிலிருந்து கடைக்கு

டான் டோக் செங்கிடம் பெரிய முதல் எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே காய்கறி, பழம், கோழி ஆகியவற்றை வாங்கி டவுனுக்குக் கொண்டு வந்து விற்றார். கிடைத்த லாபத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1827-இல், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ பகுதியில் சொந்தமாகக் கடை திறந்தார்.

அதன் பிறகு ஒயிட்ஹெட் என்ற ஆங்கில வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். இருவரும் நிலம் வாங்கி விற்றார்கள். துறைமுகம் வளர வளர நிலத்தின் விலை ஏறியது. டான் டோக் செங்கின் செல்வமும் ஏறியது. தெருவில் காய்கறி விற்றவர் இருபது ஆண்டுகளுக்குள் சிங்கப்பூரின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார்.

பணம் வந்ததும் அவர் தம் மக்களிடமிருந்து விலகிப் போகவில்லை. ஹொக்கியன் சமூகத்துக்குத் தலைவராக விளங்கினார். தெலுக் ஆயர் தெருவில் 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட தியன் ஹொக் கெங் கோயிலுக்கு ஆக அதிகமாக நன்கொடை கொடுத்தவர் அவர்தான். அவர் கொடுத்த தொகை 3,000 வெள்ளிக்கும் மேல். தமிழ் முஸ்லிம்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய நாகூர் தர்காவும் அதே தெருவில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நடையில் பார்த்து வரலாம்.

சீனர்களுக்குள் தகராறு வந்தால் வழக்கு மன்றம் போகாமல் அவரிடம் வந்து தீர்த்துக்கொண்டார்கள். அடக்கம் செய்ய ஆளில்லாத ஏழைகளைத் தம் செலவில் அடக்கம் செய்து வைத்தார். ஆளுநர் பட்டர்வொர்த் அவரைச் சமாதான நீதிபதியாக நியமித்தார். சிங்கப்பூரில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் ஆசியர் அவர். வடக்கே பினாங்குக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த் நகருக்கு இந்த ஆளுநரின் பெயர்தான் சூட்டப்பட்டது.

தெருவில் கிடந்த நோயாளிகள்

அந்தக் காலத்துச் சிங்கப்பூர் பணம் புழங்கிய ஊர். நோய் மிகுந்த ஊராகவும் அது இருந்தது. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், தனி ஆட்கள். உடம்பில் தெம்பு இருக்கும்வரை வேலை இருந்தது. காலில் புண் வந்தாலோ, காய்ச்சலில் விழுந்தாலோ, வேலையும் போகும், தங்க இடமும் போகும். சொந்த பந்தம் கடலுக்கு அப்பால். கடைசியில் தெருவோரத்தில் பிச்சையெடுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இவர்களுக்காக அரசு வைத்திருந்தது ஓர் அத்தாப்புக் கொட்டகை. அதை நடத்தப் பணம் பன்றி இறைச்சி வரியிலிருந்து வந்தது. பன்றி இறைச்சி விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டு, அதில் கிடைத்த பணத்தைச் சீன ஏழை நோயாளிகளின் பராமரிப்புக்குக் கொடுத்தது. இறைச்சியை வாங்குகிறவர்கள் சீனர்கள், கொட்டகையில் கிடக்கிறவர்களும் சீனர்கள் என்பதால் இந்த ஏற்பாடு பொருத்தமாகவே இருந்தது.

1837-இல் அந்த வரி ரத்தானது. அதோடு வருமானமும் நின்றது. அப்போது சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றையும் ஆண்டது கல்கத்தாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அரசு. வந்தேறிய ஏழைகளுக்காக அரசுப் பணத்தைச் செலவிட அதற்கு மனமில்லை. நல்ல மருத்துவமனை ஒன்று இருந்தால் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்தும் நோயாளிகளைக் கொண்டு வந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. சிங்கப்பூர் வணிகர்களுக்கோ புதிய வரி என்ற பேச்சே ஆகாது. சுங்கம் இல்லாத துறைமுகம் என்பதால்தான் அவர்கள் அங்கே கடை விரித்திருந்தார்கள்.

ஆக, அரசு கொடுக்காது, வரியும் கூடாது. இடையில் நோயாளிகளின் நிலை மோசமானது. புண்ணும் சீழுமாகத் தெருவில் கிடப்பவர்களைப் பற்றி பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தின் பெரு நடுவர் குழு இதைக் குறித்து முறையிட்டது. யார் செலவு செய்வது என்பதை மட்டும் எவரும் முடிவு செய்யவில்லை.

5,000 வெள்ளி

இந்த நிலையில்தான் டான் டோக் செங் முன்வந்தார். ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட 5,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக அறிவித்தார். கோயிலுக்குக் கொடுத்ததைவிட இது பெரிய தொகை. கோயிலுக்குக் கொடுத்தால் ஊரில் பெயர் நிலைக்கும், புண்ணியமும் சேரும் என்பது அக்காலச் செல்வந்தர்களின் எண்ணம். தெருவில் கிடக்கும் அநாதை நோயாளிக்கு அவ்வளவு பணம் கொடுப்பது வழக்கத்தில் இல்லாதது.

1844 ஜூலை 25-ஆம் நாள் பெர்ல்ஸ் ஹில் என்ற குன்றின் மேல் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் அதன் வரைபடத்தைத் தயாரித்தார். ஐரோப்பிய மாலுமிகளுக்கான மருத்துவமனையும் அதே குன்றில் அவர் கைவண்ணத்தில் எழுந்தது.

கட்டடம் முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. முடிந்த பிறகும் உடனே திறக்க முடியவில்லை. நோயாளிகள் உள்ளே வந்து படுத்தது 1849-இல்தான். அடிக்கல்லுக்கும் முதல் நோயாளிக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அதுவரை கொட்டகைதான் அவர்களுக்குக் கதி.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் பணம். செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்குவதற்கு ஒருவர் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். அரிசி, மருந்து, கட்டுத் துணி, பணியாளர் சம்பளம் ஆகியவற்றுக்கு நாள்தோறும் பணம் வேண்டும். அதை யார் கொடுப்பது என்பது அடிக்கல் நாட்டிய நாளிலும் முடிவாகவில்லை. மருத்துவமனை திறந்த பிறகும் அரசு கொடுத்த உதவி போதவில்லை. ஊராரின் நன்கொடையை நம்பியே நடக்க வேண்டியிருந்தது. வியாபாரம் நன்றாக இருந்த ஆண்டில் நன்கொடை வரும். வியாபாரம் படுத்தால் நன்கொடையும் படுத்துவிடும். ஆனால் நோயாளிகள் வருவது அதற்காக நிற்காதே.

மறைவு

மருத்துவமனை திறந்த மறு ஆண்டே, 1850 பிப்ரவரி 24-இல், டான் டோக் செங் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. மனைவி லீ சியோ நியோவையும், மூன்று மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டுச் சென்றார். அவர் தொடங்கிய காரியம் அவரோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் இந்தக் குடும்பத்தின் சிறப்பு.

மூத்த மகன் டான் கிம் சிங் பெரிய அரிசி வணிகர். சயாம் அரசருக்கு நெருக்கமானவர், சிங்கப்பூரில் சயாமின் பிரதிநிதியாகவும் இருந்தவர். தந்தை இறந்த இரண்டாம் ஆண்டில் மருத்துவமனையை விரிவாக்க மேலும் பணம் கொடுத்தார். தாயார் லீ சியோ நியோ பெண் நோயாளிகளுக்குத் தனிக் கூடம் கட்டும் செலவை ஏற்றார். பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த அந்தக் காலத்தில், ஒரு விதவைத் தாய் ஏழைப் பெண்களுக்காக இப்படி முன்வந்தது சாதாரண விஷயமல்ல.

உதவி சீனர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. அரபு வணிகக் குடும்பமான அல்ஜுனைட் குடும்பத்தைச் சேர்ந்த சையது அலி மருத்துவமனையின் வருமானத்துக்காக நிலம் கொடுத்தார். வெவ்வேறு சமயத்தவர்கள் ஏழை நோயாளிக்காக ஒன்றாகக் கை நீட்டிய காலம் அது.

பின்னர் பெர்ல்ஸ் ஹில் குன்று ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால் மருத்துவமனை இடம் மாறியது. சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. இன்று தமிழர்களின் லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தூரம்தான். தாழ்வான சதுப்பு நிலம் என்பதால் அங்கும் சிரமம் தீரவில்லை. 1909-இல் மோல்மேன் சாலைக்கு மாறியபோது, கோலாலம்பூரின் ஈயச் செல்வந்தர் லோக் இயூ 50,000 வெள்ளி வழங்கினார். மருத்துவமனை இன்றும் அந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது அந்த நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட மருத்துவமனை இதுவே.

இத்தனை பேர் கொடுத்தும் தனியார் நன்கொடையால் மட்டும் மருத்துவமனையை நடத்திவிட முடியவில்லை. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவின் கையைவிட்டு நேராக லண்டனின் ஆட்சிக்குப் போயின. காலப்போக்கில் செலவின் பெரும் பங்கை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மருத்துவமனைக்கு நிலையான கால் கிடைத்தது.

பேரனும் ரப்பர் மரமும்

டான் டோக் செங்கின் இன்னொரு மகன் டான் டெக் குவான். அவருடைய மகன் டான் சாய் யான் 1870-இல் பிறந்தவர், மலாக்காவில் வாழ்ந்தவர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி அப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் கன்று நடச் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பி பயிரிட்டு லாபம் பார்த்த துரைமார்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டான் சாய் யான் கேட்டார். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதுதான் நாட்டில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம். அடுத்து லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசாஹானில் பெரிய தோட்டம் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்தது நம் குடும்பங்களின் கதை. ரப்பர் விலை ஏறியது. தோட்டங்கள் பெருகின. பால் மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கொண்டு வந்தார்கள். காடு அழித்த இடத்தில் மலேரியா காத்திருந்தது. தோட்டத்து லயத்தில் காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பாட்டன் காலத்தில் சிங்கப்பூர்த் தெருவில் சீனக் கூலிக்கு வந்த அதே நிலை, பேரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் கூலிக்கு வந்தது. செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இம்முறை பதில் சட்டத்தின் வழியாக வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டங்கள், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் கடமை என்று ஆக்கின. தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதில் மருந்து கலக்கும் டிரெசரும் அப்படி வந்தவை. எல்லாத் தோட்டத்திலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நோயில் விழுந்த தொழிலாளியின் செலவு தொழிலாளியுடையது மட்டுமல்ல என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

டான் சாய் யானும் மருத்துவத்தை மறக்கவில்லை. 1905-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குத் தம் தந்தையின் நினைவாக ஒரு கட்டடம் கட்ட 15,000 வெள்ளி கொடுத்தார். 1911-இல் எழுந்த டான் டெக் குவான் கட்டடம் இன்றும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. அந்தக் கல்லூரிக்காக மனுக் கொடுத்து முன்னின்றவர் டான் ஜியாக் கிம். அவர் மலாக்காவில் பிறந்த இன்னொரு கொடையாளர் டான் கிம் செங்கின் பேரன். மலாக்கா ஆற்றின் மேல் உள்ள டான் கிம் செங் பாலத்தில் நடந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.

இன்றைய நிலை

இன்று மலேசியக் குடிமக்கள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் கட்டணம் 1 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளொன்றுக்கு 3 ரிங்கிட். உண்மையான செலவு அதைவிடப் பல மடங்கு. மீதியை அரசு, அதாவது வரி செலுத்தும் மக்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறோம். டான் டோக் செங் காலத்தில் எவரும் ஏற்க மறுத்த பொறுப்பு இது.

தனியார் மருத்துவமனைகளுக்கும் சட்டம் உண்டு. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை தர அவை எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். ஆனால் அது இலவசச் சிகிச்சை என்று பொருளல்ல. அதற்கான பில் பிறகு குடும்பத்தைத் தேடி வரும். அந்தப் பயத்திலேயே நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு.

இன்னொரு கூட்டம் இந்த 1 ரிங்கிட் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாதவர்கள் அவர்கள். நம் தோட்டப்புறங்களிலிருந்து வந்த குடும்பங்களிலும் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமையைக் காட்ட முடியாதவர் வெளிநாட்டவருக்கான கட்டணத்தைச் சந்திக்க நேரிடுகிறது. டான் டோக் செங் மருத்துவமனையில் முதலில் படுத்தவர்களும் ஊருக்கு அந்நியர்கள்தாம், எந்த ஏட்டிலும் பெயர் இல்லாதவர்கள்தாம். அவர்களுக்காகத்தான் அவர் அந்த 5,000 வெள்ளியைக் கொடுத்தார்.

எனவே குடும்பத்தில் யாருக்காவது ஆவணம் பாக்கி இருந்தால், நோய் வருவதற்கு முன்பே பதிவு இலாகாவில் அதற்கான வேலையைத் தொடங்குவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூக நலப் பிரிவு இருக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் அங்கே தங்கள் நிலையைச் சொல்லி உதவி கேட்கலாம். சமூக நல இலாகாவின் உதவி பெறுபவர்கள் அதற்கான கடிதத்தைக் கையோடு கொண்டு போகலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டான் டோக் செங்கின் சமாதி சிங்கப்பூர் ஊட்ரம் சாலையோரக் குன்றில் இருக்கிறது. அவர் மருத்துவமனை கட்டிய பெர்ல்ஸ் ஹில் அங்கிருந்து வெகு தூரமில்லை. மலாக்காவில் பிறந்து காய்கறி விற்றுப் பிழைக்கப் போன ஓர் இளைஞர், தெருவில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகாமல் முதல் பணத்தைப் போட்டார். மீதியைப் போட அரசும் ஊரும் பல காலம் எடுத்துக்கொண்டன.